வெளிநாட்டிலிருந்து விமானி உபகரணங்கள் வாங்கும்போது சுங்க வரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானப் பயிற்சியில் சேர்ந்தவர்களும் உரிமம் பெற்றுப் பறப்பவர்களும் ஹெட்செட், கையடக்க ரேடியோ, ஹெல்மெட், தோல் மேலங்கி போன்றவற்றை வெளிநாட்டு விற்பனையாளர்களிடமிருந்து நேரடியாக வரவழைக்கிறார்கள். அவர்களில் பலர் பார்சல் சுங்கத்தில் நின்ற பிறகே வரியைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆனால் பொருள் எந்த வகை, அதன் மதிப்பு என்ன, எங்கே தயாரானது, வரியை யார் கட்டுவது என்பன எல்லாம் பார்சல் புறப்படும் முன்பே ஆவணங்களில் எழுதப்பட்டுவிடுகின்றன. அதன் பிறகு அவற்றைத் திருத்துவது கடினம்.

முதல் தவறு கணக்கிலேயே நிகழ்கிறது. சுங்க வரி 10 விழுக்காடு, உள்நாட்டு விற்பனை வரி 20 விழுக்காடு என்றால், பொருளின் விலையில் 30 விழுக்காடு கூடுதலாகும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலான நாடுகளில் பொருளின் விலையோடு போக்குவரத்துச் செலவும் காப்பீடும் சேர்ந்ததே சுங்க மதிப்பு. அந்த மதிப்பின் மீது சுங்க வரியும், சுங்க வரியையும் சேர்த்த தொகையின் மீது மதிப்புக் கூட்டு வரியோ ஜி.எஸ்.டி.யோ விதிக்கப்படுகின்றன. விலை 100, அனுப்பும் செலவு 10 என்று வைத்துக்கொண்டால், 110-க்குச் சுங்க வரி 11, பிறகு 121-க்கு 20 விழுக்காடாக 24.20, ஆக மொத்த வரி 35.20 ஆகிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள் சுங்க வரிக்கான மதிப்பில் சர்வதேசப் போக்குவரத்துச் செலவைச் சேர்ப்பதில்லை என்பதால், வேறொரு நாட்டு விமானி சொன்ன கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வதும் பிழையாகவே முடியும்.

பழைய விலக்கு வரம்புகளை நம்புவதும் இதைச் சேர்ந்ததே. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான இறக்குமதிகளுக்கு அளித்துவந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 அன்று நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவைத்தது. ஆர்டர் செய்யும் நாளில் நடப்பிலுள்ள விதியைச் சுங்கத் துறையின் சொந்த இணையதளத்தில் பார்ப்பதே பாதுகாப்பானது.

மிகுதியாகக் குழப்பம் விளைவது வகைப்பாட்டில்தான். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் எண்ணைத் தரும் உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைந்த வகைப்பாட்டு முறை 1988 முதல் நடைமுறையில் உள்ளது; வரி விகிதம் அந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் அதைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை, அதற்கு மேற்பட்டவற்றை ஒவ்வொரு நாடும் தானே சேர்த்துக்கொள்கிறது. விமானத்தில் பயன்படுத்துவதால் ஹெட்செட்டும் விமான உதிரிபாகமே, ஆகவே அதற்கு வரியில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. விமான உதிரிபாகங்களுக்கான 8807 என்ற தலைப்பு அடங்கிய பிரிவின் குறிப்பே, 85-ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்த மின்சாதனங்கள் உதிரிபாகமாகக் கருதப்படமாட்டா என்று கூறுகிறது. ஹெட்செட்டின் இடம் 8518.30. குளிர்கண்ணாடி 9004.10-இலும், பாதுகாப்பு ஹெல்மெட் 6506.10-இலும், பறப்புப் பை 4202-இலும் வருகின்றன. விமானிகள் விரும்பி அணியும் தோல் மேலங்கி 4203-இல் சேரும். ஆனால் உட்புறம் கம்பளி நீங்காத ஆட்டுத்தோலால் ஆனதென்றால் அது 4303-க்கு மாறிவிடும், வரி விகிதமும் அதனோடு மாறக்கூடும். 1980-இல் நடைமுறைக்கு வந்த சிவில் விமான வர்த்தக ஒப்பந்தம் அளிக்கும் சலுகையும் சிவில் விமானத்தில் பொருத்திப் பயன்படுத்துவதற்கு உரிய பட்டியலிடப்பட்ட பொருள்களுக்கே உரியது. அந்த இறுதிப் பயன்பாட்டைச் சுங்கத் துறை ஏற்கும் வகையில் நிறுவ வேண்டும். தன் பெயரில் ஒரு ஹெட்செட் வாங்கும் தனிநபர் இதைச் செய்துகாட்டுவது அரிது.

எனவே விற்பனையாளரிடம் “விமான உபகரணம்” என்ற பொத்தாம்பொதுவான விவரணையை ஏற்காமல், பொருளின் பெயர், மாதிரி எண், மூலப்பொருள், தயாரான நாடு ஆகியவற்றை இன்வாய்ஸில் எழுதச் சொல்லுங்கள். தயாரான நாடு என்பது அனுப்பிய நாடு அல்ல. வரிச்சலுகை ஒப்பந்தம் உள்ள ஒரு நாட்டின் கடையில் வாங்கினாலும், பொருள் வேறொரு நாட்டில் உருவானதென்றால் அந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. உரிய இடத்தில் உருவானதாக இருந்தாலும் அதற்கான சான்று இன்றியமையாதது.

மதிப்பைக் குறைத்து எழுதவோ, பரிசு என்று குறிக்கவோ ஒருபோதும் கேட்காதீர்கள். பணம் கொடுத்து வாங்கியது பரிசாகாது. கட்டணச் சான்றைச் சுங்க அதிகாரி கேட்டால் உண்மை வெளிப்பட்டு, அபராதமும் பறிமுதலும் நேரக்கூடும். வழியில் பார்சல் தொலைந்தால், எழுதிய குறைந்த மதிப்புக்கே இழப்பீடு கிடைப்பது இதில் பலர் எண்ணிப்பார்க்காத இன்னொரு நட்டம்.

அனுப்பும் நிபந்தனையையும் படித்துப் பாருங்கள். டி.டி.பி. என்றால் விற்பனையாளரே வரியைக் கட்டுகிறார், டி.ஏ.பி. என்றால் வாங்குபவர் கட்ட வேண்டும். இரண்டாவதில் கூரியர் நிறுவனம் உங்களுக்காக வரியை முன்கூட்டிச் செலுத்திவிட்டு, அதற்கான கட்டணத்தையும் சேர்த்து வசூலிப்பது வழக்கம். விலை மலிவான பொருள்களில் அந்தக் கட்டணமே வரியை மிஞ்சக்கூடும்.

வரி கட்டிவிட்டால் பொருள் கைக்கு வந்துவிடும் என்பதும் உறுதியில்லை. கையடக்க விமான ரேடியோவுக்குப் பல நாடுகளில் அலைக்கற்றைத் துறையின் அனுமதி தேவை. ஆபத்தில் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரகால பீக்கனில் நாட்டுக் குறியீடு பதிந்திருப்பதால், அது உங்கள் நாட்டுக்கு உரியதா என்பதை முன்பே உறுதிசெய்ய வேண்டும். விமானி கைக்கடிகாரத்தின் பட்டை முதலைத் தோலால் ஆனதென்றால், அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கும்.

பழுதுபார்க்கத் திருப்பி அனுப்புவதுதான் கடைசியாகவும் மிக வருத்தத்தோடும் தெரியவரும் சிக்கல். விலையுயர்ந்த ஹெட்செட்டுகள் உத்தரவாதக் காலத்தில் தயாரிப்பாளரிடம் சென்று திரும்புவது இயல்பு. அனுப்பும் முன் தற்காலிக ஏற்றுமதியாகப் பதிவுசெய்து, வரிசை எண்ணை ஆவணத்தில் குறிக்காவிட்டால், திரும்பி வரும் அதே ஹெட்செட்டுக்கு முழு மதிப்பில் மீண்டும் வரி கேட்கப்படலாம். பொருள் பிடிக்காமல் திருப்பித் தருபவர்கள், கட்டிய சுங்க வரியை விற்பனையாளர் திருப்பித் தருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்குச் சுங்கத் துறையிடம், குறித்த காலக்கெடுவுக்குள், இறக்குமதி ஆவணத்தையும் ஏற்றுமதிச் சான்றையும் இணைத்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கூரியர் தரும் வரி ரசீதை அதுவரை பத்திரப்படுத்தி வைத்திருங்கள்.