அரசின் உறுதிமொழியைப் பென்சிலும் டேப்புமாகப் படிப்பது எப்படி?

மாற்றுத்திறனாளிகளின் சமத்துவத்துக்காக அரசு வெளியிடும் செயல்திட்டம் எது கையில் கிடைத்தாலும், முன்னுரையைத் தாண்டிப் போய் வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடத் தொடங்கிவிடுவேன். 19 வயதில் முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து வீல்சேரில்தான் நடமாட்டம். இப்படிப்பட்ட ஆவணங்களைப் படித்துப் படித்து எனக்கென்று ஒரு முறை உருவாகியிருக்கிறது. நீங்களும் செய்து பாருங்கள்.

‘ஊக்குவிக்கும்’, ‘பரிசீலிக்கும்’, ‘முயற்சி மேற்கொள்ளும்’, ‘ஆவன செய்யும்’ ஆகியவற்றுக்கு வளைகோடு போடுங்கள். நடந்ததா இல்லையா என்று இவற்றை யாராலும் சொல்ல முடியாது. ‘கட்டும்’, ‘நியமிக்கும்’, ‘வெளியிடும்’ என்றிருந்தால் நேர்கோடு. நம் மொழியில் இன்னொரு மறைவிடமும் உண்டு: ‘அமைக்கப்படும்’. அமைக்கப்போவது யார் என்பதே அந்தச் சொல்லில் இல்லை. அதனால் ஒவ்வொரு நேர்கோட்டுக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்தத் துறை, எந்தத் தேதிக்குள், எந்த நிதியிலிருந்து. எழுத முடியாத இடங்களைத் தனித்தாளில் குறித்துக்கொண்டால், உங்கள் கேள்விப் பட்டியல் தயார்.

அடுத்தது, யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பது. 2006 டிசம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையில், பிரிவு 4-இன் 3-ஆம் உட்பிரிவை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். நம்மைப் பாதிக்கும் சட்டத்தையும் கொள்கையையும் உருவாக்கும்போது, நம் அமைப்புகள் வழியாக நம்மை நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அது. மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளையும் சேர்த்துத்தான். நமக்காக மற்றவர்கள் நடத்தும் அமைப்பு வேறு, நாமே நடத்தும் அமைப்பு வேறு. ஆவணத்தின் பின்பக்கப் பெயர்ப்பட்டியலில் இரண்டாவது வகை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு நேரில் போக வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது.

ஓர் அரசு அலுவலகத்தில் ‘சாய்தளம் அமைக்கும் பணி முடிந்தது’ என்று அறிக்கையில் படத்தோடு போட்டிருந்தார்கள். தோழியோடு போனேன். வாசல் மேடை தரையிலிருந்து 45 செ.மீ. உயரம். பல நாடுகளின் கட்டட விதிகள் சொல்லும் சரிவு 1-க்கு 12. அதாவது ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் 12 செ.மீ. நீளம் வேண்டும். அந்தக் கணக்கில் 5.4 மீட்டர் வர வேண்டிய சாய்தளத்தைத் தோழி டேப்பை விரித்து அளந்தாள்: 1.8 மீட்டர். சரிவு 1-க்கு 4. பாதி ஏறியதும் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின. “நான் தள்ளிவிடறேன்மா” என்று காவலாளி ஓடி வந்தார். நல்ல மனிதர். ஆனால் ஒருவர் தள்ளினால்தான் ஏற முடியும் என்றால், அது அறிக்கையில் ‘முடிந்தது’ பத்தியில் இருக்கக்கூடாது.

இப்படி அளக்கும்போது டேப்பின் எண்கள் தெரியும்படி படம் எடுங்கள். கதவின் அகலத்தையும், கழிப்பறைக்குள் வீல்சேர் திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கடிதத்தில் ஒரே ஒரு குறையை எழுதுங்கள். பத்தை எழுதினால், சுலபமான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவார்கள். நான் எழுதியது இது: ‘அறிக்கையில் முடிந்ததாகச் சொல்லப்படும் சாய்தளத்தின் உயரம் 45 செ.மீ., நீளம் 1.8 மீ. இதை எந்தத் தேதிக்குள், எந்த அதிகாரியின் பொறுப்பில் திருத்துவீர்கள் என்று எழுத்துமூலம் தெரிவிக்கவும்.’ கூடவே உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவைக் குறிப்பிட்டேன். அணுகல் வசதி பற்றியது அது. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகுதான் பதில் வந்தது. இடித்துவிட்டு, நடுவில் திருப்பம் வைத்து நீளமாகக் கட்டினார்கள்.

உங்கள் ஒருவருக்கு மட்டும் ஒரு மாற்றம் தேவை என்றால் வழி வேறு. தேர்வில் கூடுதல் நேரம், கூட்டத்துக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் போன்றவை ‘நியாயமான வசதி ஏற்பாடு’. அளவுக்கு மீறிய சுமை என்று காட்ட முடியாத நிலையில் அதை மறுத்தால், மறுப்பே பாகுபாடு என்று 2-ஆம் பிரிவு சொல்கிறது. கெஞ்சும் தொனி வேண்டாம்.

உள்ளூரில் அசையாவிட்டால், இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு கூடும் ஜெனீவா இருக்கிறது. உடன்படிக்கையை ஏற்ற நாடு முதல் அறிக்கையை 2 ஆண்டுகளுக்குள்ளும், பிறகு குறைந்தது 4 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் 18 பேர் கொண்ட அந்தக் குழுவுக்குத் தர வேண்டும். அரசின் அறிக்கைக்கு இணையாக நம் அமைப்புகளும் அறிக்கை அனுப்பலாம். நீங்கள் எடுத்த படங்களும் அளவுகளும் அங்கே உதவும். உங்கள் நாட்டைப் பற்றி அந்தக் குழு முன்பு எழுதிய இறுதிக் கருத்துரைகளைத் தேடிப் படித்து, பொருந்தும் பத்தியின் எண்ணை அடுத்த கடிதத்தில் சேருங்கள்.

ஒன்றை மட்டும் அளக்கப் போன இடத்திலேயே சரிசெய்துவிடலாம். கழிப்பறையில் அவசர அழைப்புக் கயிறு தரைவரை தொங்க வேண்டும், விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்ட வேண்டுமே! துடைக்கும்போது இடைஞ்சல் என்று பல இடங்களில் அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் முதலில் படம் எடுங்கள், பிறகு அவிழ்த்துவிட்டு வாருங்கள்.