கூரை திறக்கும் காரில் ஏ.சி. எதற்கு? பழைய கன்வெர்ட்டிபிள்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960களின் அமெரிக்க கன்வெர்ட்டிபிள் ஒன்றின் டேஷ்போர்டில் ஏ.சி. துவாரங்களைப் பார்க்கிறவர்களுக்கு உடனே ஒரு கேள்வி வரும்: மேலே வானம் திறந்து கிடக்கும்போது குளிர்காற்றை யாருக்காக ஊதுகிறது இது? அந்தக் காரை வாங்கியவர் எப்போதும் கூரையைத் திறந்தேதான் ஓட்டினார் என்று நாமாக முடிவுகட்டிக்கொள்வதால் வரும் கேள்வி அது. முதல் தவறே அதுதான். தொழிற்சாலையில் பொருத்திய ஏ.சி.யை வீண் சுமை என்று கழற்றிப் போடுவது, காகிதம் பார்க்காமல் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது, பழுது எங்கே என்று பார்க்காமல் கம்ப்ரெசரை மாற்றுவது எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வருகின்றன.

அன்றாட வண்டி அது

இன்று பழைய கன்வெர்ட்டிபிள் என்றால் வெயில் தாழ்ந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் வெளியே வரும் செல்லப்பிள்ளை. 1965இல் அப்படி இல்லை. 1960களின் நடுவில் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் கன்வெர்ட்டிபிள்கள் விற்றன. அவற்றில் பெரும்பாலானவை அந்தந்த வீடுகளின் அன்றாட வண்டிகள். அலுவலகத்துக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதிலேதான் போனார்கள். ஜூலை மாத நண்பகலில், ஹூஸ்டனிலும் ஃபீனிக்ஸிலும் மயாமியிலும். டெக்சாஸில் குடியிருக்கும் தமிழர்களுக்கு அந்த வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

38 டிகிரியில் கூரையைத் திறந்தால் உச்சந்தலையில் வெயில் இறங்கும். வண்டி ஓடும்வரை காற்றாவது உண்டு. சிக்னலில் நின்றால் அதுவும் இல்லை. வினைல் இருக்கை தொடையைச் சுடும். ஆகவே கூரையை மூடுவார்கள். மூடினால் நிலைமை இன்னும் மோசம். செடானில் இரும்புக் கூரை, அதன் கீழே காற்றிடைவெளி, அதற்கும் கீழே உள்துணி என்று வெப்பத்தைத் தடுக்க அடுக்குகள் இருக்கும். அக்காலத்து கன்வெர்ட்டிபிளின் கூரையோ வினைல் பூசிய துணிதான். வெப்பத்தடுப்பு என்று சொல்லும்படி அதில் எதுவும் இல்லை. அந்தத் துணி பல வண்டிகளில் கறுப்பாகவும் இருக்கும். சொல்லப்போனால், செடானைவிட கன்வெர்ட்டிபிளுக்குத்தான் ஏ.சி. அதிகம் தேவைப்பட்டது.

வெப்பம் மேலிருந்து மட்டும் வரவில்லை. முன்னால் பெரிய வி8 எஞ்சின், காலடியில் சைலன்சர் குழாய்கள், நடுவில் கியர்பாக்ஸின் மேடு. கூரை திறந்திருந்தாலும் பாதங்கள் வெந்துகொண்டிருக்கும். குளிர்காற்று கனமானது என்பதால், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மெதுவாகப் போனால் அது கால் வைக்கும் பள்ளத்தில் தங்கும். கூரையைத் திறந்துவிட்டு ஏ.சி.யையும் போட்டுக்கொண்டு போகிறவரைப் பார்த்துப் பணத்திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். முழங்காலுக்குக் கீழே அவருக்கு நல்ல பலன் கிடைக்கிறது.

மழைநாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடிய துணிக்கூரைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து மூச்சுவிட்டால் போதும், கண்ணாடியெல்லாம் ஆவி படியும். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடுவதால் அது தெளியும். நெடுஞ்சாலையில் தூசி, இரைச்சல், கலையும் தலைமுடி என்று கூரையை மூட வேறு காரணங்களும் இருந்தன.

எல்லாப் பழைய கன்வெர்ட்டிபிளிலும் ஏ.சி. சாத்தியமா?

இல்லை. காரணம் தெரிந்தால் விற்பவர் சொல்லும் கதையை எடைபோட்டுப் பார்க்கலாம்.

காரில் தொழிற்சாலை ஏ.சி.யை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது பேக்கார்டு நிறுவனம். 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் காட்டி, 1940 மாடல்களில் கொடுத்தார்கள். குளிர்விக்கும் பகுதி டிக்கிப் பக்கம் இருந்தது. கம்ப்ரெசருக்குக் கிளட்ச் கிடையாது. வேண்டாம் என்றால் எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1953 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் ஏ.சி.யை மறுபடி கொண்டுவந்தபோதும் பெட்டி டிக்கியில்தான் இருந்தது. பின்னிருக்கைக்குப் பின்னாலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்கள் மேலேறி, கூரையோரமாகக் காற்றைக் கொண்டுபோகும் ஏற்பாட்டை ஜி.எம். வண்டிகளில் பார்க்கலாம். கன்வெர்ட்டிபிளில் அதே இடத்தில்தான் மடிந்த கூரை வந்து உட்காரும். குழாயை எங்கே ஏற்றுவது?

இந்தச் சிக்கலை அவிழ்த்தது நாஷ் நிறுவனம், 1954இல். ஹீட்டரையும் ஏ.சி.யையும் ஒரே அமைப்பாக்கி, எல்லாவற்றையும் பானெட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் கீழே அடக்கினார்கள். அதே ஆண்டு ஜி.எம்.மின் பான்டியாக்கும் முன்புறத்துக்கு மாறியது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். துணிக்கூரை வண்டிக்கு ஏ.சி. இயல்பாகப் பொருந்தியது அதன்பின்தான். ஆகவே 1950களின் தொடக்கத்து கன்வெர்ட்டிபிளைக் காட்டி “கம்பெனி ஏ.சி.” என்று யாராவது சொன்னால், ஆவணத்தைப் பார்க்கும்வரை நம்ப வேண்டாம்.

செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் கம்பெனி ஏ.சி. வந்தது 1963இல். சி60 என்பது அதற்கான ஆர்டர் எண். விலை 421.80 டாலர், கன்வெர்ட்டிபிளின் அடிப்படை விலையே 4,037 டாலர்தான். காரின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல்! அந்த ஆண்டு செய்த 21,513 கார்வெட்டுகளில், நிலையான கூரை கொண்ட கூபே, கன்வெர்ட்டிபிள் இரண்டையும் சேர்த்து, 278 மட்டுமே ஏ.சி.யோடு போயின. 1967க்குள் 22,940இல் 3,788 ஆனது. சக்தி வேண்டும் என்றால் குளிர்ச்சியை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலையும் உண்டு: 1967இன் 435 குதிரைத்திறன் எஞ்சினோடு ஏ.சி. கிடைக்காது. அப்படியொரு வண்டியில் ஏ.சி. இருந்தால் ஒன்று எஞ்சின் மாறியிருக்கிறது, இல்லையேல் ஏ.சி. பிறகு வந்திருக்கிறது.

கன்வெர்ட்டிபிளைக் கொன்றதே ஏ.சி.தான் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குளுகுளுவென்று போக முடிந்தபோது, கூரை திறக்கும் காரை நாடுகிறவர்கள் குறைந்தார்கள். நெடுஞ்சாலை வேகம், கார் கவிழ்ந்தால் என்னாகும் என்ற அச்சம், வரப்போவதாகப் பேசப்பட்ட பாதுகாப்பு விதிகள் ஆகியவையும் சேர்ந்துதான் 1976 கேடிலாக் எல்டொராடோவோடு அமெரிக்க கன்வெர்ட்டிபிள்களுக்குச் சில ஆண்டு இடைவெளி விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கன்வெர்ட்டிபிளை விடாமல் வாங்கியவர்களுக்கு இரண்டும் ஒரே வண்டியில் வேண்டியிருந்தது.

வாங்கும்போது

டேஷ்போர்டுக்குக் கீழே தனிப்பெட்டியாகத் தொங்கினால் அது டீலர் பொருத்தியது என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். 1965, 66 மஸ்டாங்கில் ஃபோர்டு கொடுத்த ஏ.சி.யே அப்படித்தான் தொங்கும். டேஷ்போர்டுக்குள் அடங்கிய அமைப்பு 1967இல்தான் வந்தது. உண்மையிலேயே டீலர் பொருத்தியதாக இருந்தாலும் அது அக்காலத்துப் பொருள். அமெரிக்காவுக்குப் போன 1960களின் மெர்சிடிஸ் எஸ்.எல். வண்டிகள் பலவற்றில் அப்படித்தான் பொருத்தினார்கள்.

இதற்கு நேர்மாறான தவறு, சி60 போன்ற அரிய ஆர்டர் என்று சொன்னதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவது. 1961 முதலான பான்டியாக்குகளுக்கு, அவற்றின் தொழிற்சாலைப் பதிவுகளை வைத்திருக்கும் பி.எச்.எஸ். அமைப்பிடமிருந்து ஆவண நகல் வாங்கலாம். 1967 முதலான ஃபோர்டுகளுக்கு, ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி அறிக்கை உண்டு. 1967 கார்வெட்டில் பெட்ரோல் டேங்கின் மேல் தொழிற்சாலையில் ஒட்டிய ஆர்டர் விவரத் தாள் தப்பியிருந்தால் அதுவே சாட்சி. காகிதம் இல்லாவிட்டால் வண்டியைப் படிக்க வேண்டும். ஏ.சி. வண்டிக்குப் பெரிய ரேடியேட்டர், கிளட்ச் வைத்த ஃபேன், அதைச் சுற்றிய கூண்டு எல்லாம் சேர்ந்தே வரும். பல மாடல்களில் எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டின் துளைகளே வேறாக இருக்கும். கம்ப்ரெசரை யாரும் மாட்டிவிடலாம். அந்தத் தகட்டை மாற்றுவது எளிதில்லை.

குளிரவில்லை என்றால்

கூரையை மூடிச் சோதிக்காமல் ஏ.சி. பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். மூடிய பிறகும் குளிரவில்லை என்றால் எல்லோரும் முதலில் கம்ப்ரெசரைத்தான் குறை சொல்வார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு, அவற்றுக்குச் செலவும் குறைவு.

கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டைகள் இறுகிப் போயிருந்தால் வெளியிலுள்ள வெக்கை தடையில்லாமல் உள்ளே வரும். ஹீட்டருக்கு வெந்நீரை விடும் வால்வு முழுதாக மூடாமல் சிக்கியிருந்தால், ஒரு பக்கம் ஏ.சி. குளிர்விக்க, மறுபக்கம் ஹீட்டர் காய்ச்சிக்கொண்டிருக்கும். எஞ்சின் பக்கத்துத் தகட்டில் ஒயர் போகும் துளைகளின் ரப்பர் வளையங்கள் உதிர்ந்திருக்கலாம். எனக்கு ஆற்றாமை தருவது ஒன்று உண்டு. புதுக் கார்ப்பெட் போடும்போது, அதன் கீழே தொழிற்சாலை வைத்திருந்த தடித்த சணல் விரிப்பைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், பாதத்துக்கு அடுப்படிதான்.

அடுத்தது கேஸ். இந்த வண்டிகளின் ஏ.சி. ஆர்12 என்ற குளிரூட்டும் கேஸுக்காகச் செய்தது. ஓசோன் படலத்தைக் காக்கச் செய்த 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றது. அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ கேஸுக்கு மாற்றலாம். கேஸை மட்டும் மாற்றினால்தான் வண்டி கெடும். பழைய மினரல் ஆயில் புதிய கேஸோடு கலக்காது. உள்ளே ஆயில் ஓடாமல் கம்ப்ரெசர் இறுகிவிடும். பழைய ரப்பர் ஹோஸ்களின் வழியாகப் புதிய கேஸ் மெல்லக் கசியும். புதிய கேஸில் அழுத்தம் கூடுதல் என்பதால், சிக்னலில் நிற்கும்போது, கேஸின் வெப்பத்தை வெளியே விடும் பழைய கண்டென்சர் திணறும். 1960களின் ஜி.எம். வண்டிகள் பலவற்றில் கேஸின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பி.ஓ.ஏ. வால்வு உண்டு, அதையும் புதிய கேஸுக்கேற்பத் திருத்த வேண்டும். பழைய பழக்கத்தில், கேஸ் ஓடுவதைப் பார்க்க வைத்த சிறு கண்ணாடியில் குமிழி மறையும்வரை கேஸ் ஏற்றுகிற மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துங்கள். ஆர்134ஏ-வில் அந்தக் கணக்கு செல்லாது, அளவு மிஞ்சிவிடும். பழைய அளவில் நூற்றுக்கு 80 முதல் 85 பங்கு, தராசில் எடைபோட்டு ஏற்றுவதே சரி.

குளிர்காலம் முழுக்க ஏ.சி.யைத் தொடாமல் வைப்பதும் கூடாது. கம்ப்ரெசரின் முன்சீல் காய்ந்து கேஸ் இறங்கிவிடும். அவ்வப்போது சில நிமிடம் ஓட்டினால் ஆயில் சீலை நனைத்துவைக்கும்.

1962இல் வந்த ஜி.எம்.மின் ஏ6 கம்ப்ரெசர் ஏறத்தாழ 16 கிலோ எடை. அதைக் கழற்றிவிட்டு இலேசான புதியதை மாட்ட ஆசை வருவது இயல்பு. அன்றாடம் ஓட்டுகிறவருக்கு அது நியாயமும்கூட. மாட்டிக்கொள்ளுங்கள். பழையதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். வாய்களை மூடி, தாங்கிகளையும் போல்ட்டுகளையும் பெயர்ச்சீட்டுக் கட்டி ஒரே பெட்டியில் வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்தப் பெட்டியும் காரோடு போகட்டும்.