பிராசஸரை மாற்றும் முன்: சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது

புதிய பிராசஸர் வாங்கி ஏமாந்தவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "சாக்கெட் சரியாகத்தானே இருந்தது!" மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டைப் பார்த்தது சரி. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு.

எல்ஜிஏ 1151 சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறைக்கும் அடுத்து வந்த ஏழாம் தலைமுறைக்கும் அதுதான் இருப்பிடம். 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே பெயர், அதே அளவு. ஆனால் பின்கள் எனும் மின் தொடுமுனைகளுக்கான வேலைப் பங்கீட்டை இன்டெல் மாற்றியிருந்தது. எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் பாகங்களைப் பிராசஸரோடு இணைக்கும் சிப்) வேண்டும். முந்தைய 200 வரிசை சிப்செட் உள்ள போர்டில் வைத்தால் கச்சிதமாக உட்காரும், மின்விசிறி சுற்றும், திரையில் மட்டும் எதுவும் வராது. எல்ஜிஏ 1200-லும் இதே சிக்கல். எச்410, பி460 சிப்செட்டுகள் பத்தாம் தலைமுறையை ஏற்கும், பதினோராம் தலைமுறையை ஏற்காது. பின்னர் 'வி2' என்ற பின்னொட்டோடு வந்த சில போர்டுகள் அதையும் ஏற்றன. அந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் முடிவே மாறிவிடும்.

ஆகவே மதர்போர்டின் முழுப் பெயரை, திருத்த எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது போர்டின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியைத் திறக்க மனமில்லாதவர்கள் சிபியு-இசட் மென்பொருளில் பார்க்கலாம். பிறகு தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான பிராசஸர் பட்டியலைத் தேடுங்கள். விற்பவரின் வாய்ச்சொல்லைவிட எனக்கு அந்தப் பட்டியல்தான் பெரிது.

பட்டியலில் பெயர் இருப்பதைக் கண்டதும் பணம் கட்டிவிடக் கூடாது. பக்கத்திலேயே, பயாஸின் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) எந்தப் பதிப்பிலிருந்து அந்த பிராசஸர் இயங்கும் என்றும் போட்டிருப்பார்கள். 2018-இல் வந்த பி450 போர்டுக்கு 2020 இறுதியில் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5000 வரிசையை எப்படித் தெரியும்? பயாஸைப் புதுப்பித்தால்தான் தெரியும். புதுப்பிக்கும்போது பழைய பிராசஸர் போர்டிலேயே இருக்க வேண்டும். பழையதை முதலில் விற்றுவிட்டு, புதியதைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். பிராசஸர் இல்லாமலே யுஎஸ்பி டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரம் போனால் போர்டே செயலிழக்கக்கூடும் என்பதால், யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். புதிய பயாஸ் சில பழைய பிராசஸர்களைக் கைவிட்டிருக்கலாம், பழைய பதிப்புக்குத் திரும்ப விடாமலும் போகலாம். பதிவிறக்கப் பக்கத்தில் உள்ள எச்சரிக்கை வரிகளைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

அடுத்தது மின்சாரம். இன்டெல் கோர் ஐ7-12700-இன் அடிப்படை மின் அளவு 65 வாட். டர்போ எனும் உச்ச வேகத்தில் அது 180 வாட் வரை இழுக்கும். பிராசஸருக்கு மின்சாரம் தரும் சுற்றின் மீது ஹீட்சிங்க்கூட (வெப்பம் தணிக்கும் உலோகத் துண்டு) இல்லாத மலிவான போர்டு பட்டியலில் இருந்தாலும், சூடேறியதும் வேகத்தைக் குறைத்துவிடும். கொடுத்த காசில் பாதி வீண்.

ரேமும் தடுக்கலாம். ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகள் டிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் எல்ஜிஏ 1700-இல் பழைய வகையான டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இன்டெல் பெயரின் இறுதியில் 'எஃப்' இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-லும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர் இதைப் பார்க்காமல் வாங்கினால் திரை இருட்டாகவே இருக்கும்.

கழற்றும்போது நடக்கும் விபத்து ஒன்று. ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் பிராசஸரின் அடியில் 1331 மெல்லிய பின்கள் இருக்கின்றன. வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, கூலரையும் பிராசஸரையும் இறுக ஒட்டியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருந்தும் பிராசஸர் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். முதலில் கணினியைச் சிறிது நேரம் ஓட்டிப் பேஸ்ட்டை இளகவிடுங்கள். அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிய பிறகு தூக்குங்கள். எல்ஜிஏ வகையில் பின்கள் போர்டில் இருப்பதால், அங்கே விரல் படவே கூடாது.

பலரும் மறப்பது விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லாக்கர். பிராசஸர் மாறினால், குறியாக்கச் சாவியைக் காக்கும் பாதுகாப்புச் சிப்பின் பதிவும் மாறக்கூடும். ரைசன் கணினிகளில் முதல் முறை இயக்கும்போதே அதை அழிக்கலாமா என்று கேட்கும். டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், மீட்புக் குறியீடு இல்லாமல் கோப்புகள் திறக்காது. பழைய பிராசஸர் இருக்கும்போதே பிட்லாக்கரை நிறுத்திவையுங்கள். 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே கணினியில் மட்டும் சேமித்து வைத்தால், தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது.