கவுன்சிலிங் போகுமுன்: தெரபிஸ்டையும் அவர் வழியையும் தெரிந்துகொள்வது எப்படி?

டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது நம் பழக்கம். காய்ச்சலுக்கு அது போதும். கவுன்சிலிங்கில் அந்தப் பழக்கமே முதல் இடைஞ்சல். எதிரே இருப்பவர் என்ன படித்தவர், எந்த வழியில் வேலை செய்பவர் என்று தெரியாவிட்டால் பாதி விஷயம் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். கோபித்துக்கொண்டால் ஒரு செஷன் பணம் மிச்சம்.

பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்த மருத்துவர். மாத்திரை எழுதும் உரிமை அவருக்கு உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத முடியாது. பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவர் வேலை. எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி போன்ற, இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) ஏற்ற படிப்பை முடித்து அங்கே பதிவு செய்திருப்பார். அந்தப் பதிவுக்கு சி.ஆர்.ஆர். எண் என்று பெயர். கேட்டால் சொல்ல வேண்டும், ஆர்.சி.ஐ. இணையதளத்தில் சரிபார்க்கலாம். வெறும் எம்.எஸ்ஸி. சைக்காலஜியோடு ‘கிளினிக்கல்’ என்று பலகையில் போட்டிருந்தால் அந்த எண்ணைக் கேளுங்கள்.

குழப்பம் ‘கவுன்சிலர்’ என்ற சொல்லில்தான். இரண்டு வருட முதுநிலைப் படிப்பும் பல வருடப் பயிற்சியும் உள்ளவரும் அதையே போட்டுக்கொள்கிறார், இரண்டு வார ஆன்லைன் சான்றிதழ் வாங்கியவரும் அதையே போட்டுக்கொள்கிறார். இவர்களைப் பிரித்துக்காட்ட ஒரே கேள்வி போதும்: “நீங்க யார்கிட்ட சூப்பர்விஷன் எடுக்கிறீங்க?” தன் கேஸ்களை, பெயரை மறைத்து, ஒரு மூத்தவரிடம் தவறாமல் கலந்து பேசுவதுதான் சூப்பர்விஷன். முறையாகப் பயின்றவருக்கு இது அன்றாடச் சொல். மற்றவர் பேச்சை மாற்றுவார். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருப்பதை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள், அது பிஎச்.டி.யாகவும் இருக்கலாம்.

முதல் போன்

அப்பாயின்ட்மென்ட் வாங்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் போனில் பேசப் பலர் சம்மதிப்பார்கள். கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் விஷயத்தை மூன்று வாக்கியத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டால் நேரம் வீணாகாது: “ஆறு மாசமா ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயித்தைப் பிசையுது, திங்கக்கிழமை ஆபீஸ் போகப் பிடிக்கலை. தைராய்டு மாத்திரை மட்டும் சாப்பிடறேன்.” பிறகு கேளுங்கள்:

- இந்த மாதிரி பிரச்சினையோட வர்றவங்களை வழக்கமா பார்ப்பீங்களா?
- எந்த முறையில வேலை செய்வீங்க? சுமாரா எத்தனை செஷன் ஆகும்?
- ஒரு செஷன் எவ்வளவு நேரம், எவ்வளவு ஃபீஸ்? வர முடியலைன்னா எத்தனை மணி நேரம் முன்னாடி சொல்லணும்?
- நடுவுல ரொம்ப முடியாமப் போனா உங்களுக்கு மெசேஜ் பண்ணலாமா?
- எங்க வீட்டுல யாராவது கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்வீங்க?

கடைசிக் கேள்வி நம் ஊருக்கு மிக அவசியம். “உங்க சம்மதம் இல்லாம ஒண்ணும் சொல்ல மாட்டேன். எந்தெந்த சூழ்நிலையில மட்டும் சொல்ல வேண்டி வரும்னு முதல் செஷன்லயே விளக்குறேன்” என்ற ரீதியில் பதில் வர வேண்டும். “பெத்தவங்கதானே, அவங்களுக்குத் தெரியறதுல என்ன?” என்று கேட்பவரிடம் போகாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு போன்றவை விதிவிலக்கு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும்.

மொழியையும் பாருங்கள். கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீர்களோ, அந்த மொழியில் பேசக்கூடியவர் வேண்டும். ஆங்கிலத்தில் அலுவலகம் நடத்துபவர்கூட அம்மாவைப் பற்றிப் பேசும்போது தமிழுக்கு வந்துவிடுவார்.

ஒரே குறை, மூன்று வழி

மேலே சொன்ன ஞாயிறு மாலை வயிற்றுப் பிசைவையே எடுத்துக்கொள்வோம்.

சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வளர்த்தெடுத்தார். இந்த வழியில் போகிறவர் நோட்டில் கட்டம் போடச் சொல்வார். முதல் கட்டத்தில் நடந்தது: ‘மேனேஜர் வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக், பதில் இல்லை’. அடுத்து மனதில் ஓடியது: ‘நாளைக்கு எல்லார் முன்னாலயும் கிழிக்கப் போறார்’. அதற்கடுத்து பயம் நூற்றுக்கு எவ்வளவு: 80. பிறகு, அந்த எண்ணத்துக்கு ஆதரவாக என்ன சான்று, எதிராக என்ன சான்று. கடைசியில் மறுபடி மதிப்பெண்: 80 இப்போது 50. பூஜ்யம் ஆக வேண்டியதில்லை. வாரா வாரம் வீட்டுப்பாடம் உண்டு. பதட்டம், மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் 12 முதல் 20 செஷன். வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் பாதிப் பலன்தான்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வகுத்த வழியில் போகிறவர் நோட்டுக் கொடுக்க மாட்டார். நீங்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்டு, அதன் உள்ளே இருப்பதை உங்களுக்கே திருப்பிக் காட்டுவார்: “திட்டு வாங்கறதைவிட, எல்லார் முன்னாலயும் சின்னதாகிப் போறதுதான் தாங்கலை, இல்லையா?” வீட்டில் யாரும் முழுசாகக் கேட்டதே இல்லை என்கிறவருக்கு இது பெரிய மருந்து. என்ன செய்யலாம் என்று யாராவது சொன்னால் தேவலை என்பவருக்கு நான்காம் வாரமே அலுத்துவிடும்.

சைக்கோடைனமிக், அதாவது இன்றைய சிக்கலின் வேரைப் பழைய அனுபவங்களில் தேடும் வழியில், பேச்சு மேனேஜரில் தொடங்கி, ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அப்பா எதிரே நின்ற நாளுக்குப் போய்ச் சேரும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நடக்கும். அவசரத்துக்கு உதவாது, ஒரே மாதிரி உறவுச் சிக்கலில் திரும்பத் திரும்ப விழுகிறவருக்கு உதவும்.

“எல்லா முறையும் கலந்து செய்வேன்” என்று பலர் சொல்வார்கள். தவறில்லை. என் விஷயத்தில் எதை எடுப்பீர்கள், ஏன் என்று கேளுங்கள். இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியாதவரிடம் கலவை இருக்கும், திட்டம் இருக்காது.

முறை தவறினால் கெடுதல் வருவதும் உண்டு. ஓ.சி.டி.க்கு (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மறுபடி மறுபடி செய்ய வைக்கும் கோளாறு) ஈ.ஆர்.பி. என்ற பயிற்சி வேண்டும்: அழுக்கென்று பயப்படுவதைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் பதட்டம் தானாக இறங்கும்வரை இருப்பது, படிப்படியாக. அதை விட்டுவிட்டு வாராவாரம் “ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க” என்று ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதலே இன்னொரு கை கழுவலாகிவிடும்.

முதல் நாலு செஷன்

ஒரு செஷன் 45 முதல் 60 நிமிடம். முதல் நாள் பெரும்பாலும் விவரம் சேகரிப்பதிலேயே போகும்: தூக்கம், பசி, குடும்பம், மாத்திரை, முன்பு எடுத்த சிகிச்சை. தற்கொலை எண்ணம் உண்டா என்றும் கேட்பார். அதிர்ச்சி வேண்டாம், அப்படிக் கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்காமலே விடுபவர்தான் கவனக்குறைவானவர். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லி உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்.

ஆன்லைன் என்றால் இடம்தான் சிக்கல். கூட்டுக்குடும்பத்தில் கதவைச் சாத்தினால் கேள்வி வரும். நிறுத்திய கார், மொட்டை மாடி, இயர்போன் என்று ஏதாவது ஏற்பாடு இல்லாமல் தொடங்கினால், முக்கியமான இடத்தில் குரலைத் தாழ்த்தியே செஷன் முடிந்துவிடும்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைத் தொடக்கத்திலேயே நிரப்பச் சொல்வது நல்ல பழக்கம். மொத்த மதிப்பெண் 27, பத்தோ அதற்கு மேலோ வந்தால் மிதமான அல்லது அதைவிடக் கூடிய மனச்சோர்வு இருக்க வாய்ப்பு. ஒரு மாதம் கழித்து ஐந்து மதிப்பெண் குறைந்திருந்தால் அசைவு உண்டு என்று பொருள். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, பி12 குறைவு இவையும் சோர்வாகத் தெரியும் என்பதால், ரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்பவரை நம்பலாம்.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் முன்பைவிட மோசமாக இருப்பது போலத் தோன்றலாம். மூடி வைத்ததைத் திறந்தால் அப்படித்தான். “போன வாரம் வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் அழுதேன்” என்று அடுத்த செஷனில் அவரிடமே சொல்லுங்கள். வேகத்தைக் குறைப்பார். அவர் சொன்னது பிடிக்கவில்லை என்றாலும் அவரிடமே சொல்லலாம். அதை அவர் வாங்கிக்கொள்ளும் விதத்தில் அவர் தரம் தெரிந்துவிடும். ஒரு தடவை போய்விட்டு “ஒண்ணும் ஆகலை” என்று நிறுத்துவது அவசரம். நாலு செஷன் கழித்தும் எதை நோக்கிப் போகிறோம் என்று இருவருக்கும் தெரியவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

சிலவற்றுக்கு நாலு செஷன்கூடக் கொடுக்க வேண்டாம். ‘பத்து நாளில் குணம்’ என்ற உத்தரவாதம், இருபது செஷனுக்கு முன்பணம், ‘கல்யாணம் பண்ணா சரியாயிடும்’, மற்றவர் கதையைப் பெயர் சொல்லிப் பேசுவது, சைக்கியாட்ரிஸ்ட் கொடுத்த மாத்திரையைத் தானே நிறுத்தச் சொல்வது, வெளியே சந்திக்கலாம் என்பது: எழுந்து வந்துவிடுங்கள். ஒருபால் ஈர்ப்பை ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்பவரும் இதில் சேர்த்தி. அந்த முயற்சிகளைத் தடைசெய்யச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2021லேயே உத்தரவிட்டிருக்கிறது.

நாள்கணக்கில் தூக்கமே இல்லை, யாரோ பேசுவது கேட்கிறது, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் தெரபிஸ்ட் தேடிக்கொண்டிருக்காமல் நேராக சைக்கியாட்ரிஸ்டிடம் போக வேண்டும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. ராத்திரி நேரமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

ஆள் மாற்ற முடிவுசெய்தால் சொல்லாமல் காணாமல் போகாதீர்கள். கடைசியாக ஒரு செஷன் கேட்டு, இதுவரை செய்ததை ஒரு பக்கச் சுருக்கமாக எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்த முறை, எத்தனை செஷன், எந்தெந்தத் தாளில் என்ன மதிப்பெண். புதியவரிடம் அதைக் கொடுத்தால், முதல் நாள் முழுவதும் பழைய கதையையே மறுபடி சொல்ல வேண்டியிருக்காது.