பதில் சொல்லும் அவசரம்: ஆன்ம வழிகாட்டுதல் பயில்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு தியான இல்லத்தில், ஆன்ம வழிகாட்டுதல், அதாவது ஒருவரின் செபவாழ்வில் உடனிருந்து கேட்கும் பணி, பயில வருகிறவர்களோடு சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். குருக்கள், அருள்சகோதரிகள், பொதுநிலையினர் என எல்லோரும் வருகிறார்கள். ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த பிறகு, இருவரும் பேசியதை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் முறை. அப்படி ஓர் அருள்சகோதரி எழுதி வந்ததில் ஒரு பகுதியை, இருவருடைய அனுமதியோடும், அடையாளம் தெரியாதபடி மாற்றியும் இங்கே தருகிறேன்.

வந்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர்; நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கோவிலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அவர் சொன்னது இது: "முன்ன மாதிரி செபம் வரலை சிஸ்டர். செபமாலையைக் கையில எடுத்தா மூணு மணிகூடத் தாண்டலை, அப்படியே நின்னுடுது. பைபிளை விரிச்சா ஒரு வரி உள்ள போகலை. ஆனா எழுந்திரிச்சு வரவும் மனசு வரலை."

சகோதரியின் பதில் உடனே வந்தது: "கவலைப்படாதீங்கம்மா, உடம்பு அசதியா இருந்திருக்கும். காலையில எழுந்ததும் திருப்பாடல் இருபத்து மூணைச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நற்கருணை ஆராதனைக்குக் கட்டாயம் வாங்க." அம்மா "சரிங்க சிஸ்டர்" என்று எழுந்துவிட்டார். பதினோரு நிமிடத்தில் சந்திப்பு முடிந்தது.

சொன்ன யோசனைகளில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்த அம்மா சொன்ன கடைசி வாக்கியத்தை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. கார்மேல் சபைத் துறவியான புனித சிலுவை யோவான் (1542–1591), சிந்தித்துச் செபிக்கும் நிலையிலிருந்து ஒருவரை ஆண்டவர் ஆழ்நிலைச் செபத்திற்கு, அதாவது சொல்லும் சிந்தனையும் அடங்கி இறைவன் முன் அமைதியாக இருக்கும் செபத்திற்கு, அழைக்கிறார் என்பதற்கு மூன்று அடையாளங்களைக் கூறுகிறார்: முன்பு போல வார்த்தையாலும் கற்பனையாலும் தியானிக்க முடியாமல் போவது, அதற்காக மனம் வேறு காரியங்களை நாடாமலும் இருப்பது, தனித்து, அன்போடு இறைவனைக் கவனித்தபடி வெறுமனே இருப்பதில் நிறைவு காண்பது. இவை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்துவது. முதல் அடையாளம் மட்டும் இருந்தால் அது அசதியாகவோ அசட்டையாகவோ இருக்கலாம். மூன்றாவதுதான் நிலையைத் தெளிவாக்குகிறது, எழுந்து வர மனமில்லாத அந்தத் தாய் சொன்னதும் அதைத்தான். ஆனால் அமைதியாக இருக்க அழைக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவரிடம், இன்னும் அதிகமாகச் சொல்லிச் செபிக்குமாறு நாம் சொல்லி அனுப்பினோம். இப்படிப்பட்ட வழிகாட்டிகளை யோவான், சம்மட்டியால் அடிக்க மட்டுமே தெரிந்த கொல்லருக்கு ஒப்பிடுகிறார். ஆன்மாவைத் தடம் மாற்றும் மூன்று குருடர்களை அவர் வரிசைப்படுத்தும்போது, சாத்தானுக்கும் முன்பாக ஆன்ம வழிகாட்டியை முதலில் வைக்கிறார் என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயில வருகிறவர்களிடம் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. நம்மிடம் வருகிறவருக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும் என்று எண்ணுகிறோம். இந்த எண்ணத்திற்கு நம் ஊரிலும் காரணம் இருக்கிறது. வேளாங்கண்ணிக்கும் பூண்டி மாதா கோவிலுக்கும் வேண்டுதலோடு நடந்து போகிற மக்கள் நம் மக்கள். அருங்கொடைச் செபக்கூட்டத்தில் தலையில் கைவைத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறவர்கள். பள்ளியில் இடம் வாங்குவது முதல் வரப்புத் தகராறு வரை பங்குத்தந்தையிடம் தீர்ப்புக் கேட்டுப் பழகியவர்கள். "நீங்க சொன்னா சரிங்க" என்று அவர்கள் சொல்லும்போது, சொல்லிவிடத்தான் தோன்றும். ஆனால் ஆன்ம வழிகாட்டுதல் என்பது, ஏற்கெனவே அந்த மனிதரோடு பேசிக்கொண்டிருக்கும் இறைவனின் குரலை அவரே அடையாளம் காண உடனிருப்பது. சிறுவன் சாமுவேலுக்குக் குரு ஏலி செய்தது அவ்வளவுதான். ஆண்டவர் என்ன சொல்லப் போகிறார் என்று ஏலிக்குத் தெரியாது. எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பினார். அதையும் மூன்றாம் முறைதான் புரிந்துகொண்டார் என்பதில், பயில்வோருக்கு ஆறுதல் இருக்கிறது.

பதில் சொல்வதைவிட நுட்பமான இன்னொரு தவறு, பதிலைச் சொல்லாமலேயே ஒரு பக்கம் சாய்ப்பது. கல்லூரி முடித்த ஒரு பெண், துறவு மடத்தில் சேர வேண்டுமா, வீட்டில் பார்க்கும் வரனுக்குச் சம்மதிக்க வேண்டுமா என்ற குழப்பத்தோடு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் அருள்சகோதரி. மடத்தைப் பற்றி அந்தப் பெண் பேசும்போது சகோதரியின் முகம் மலர்கிறது, திருமணத்தைப் பற்றிப் பேசும்போது தலை மட்டும் அசைகிறது. அந்தப் பெண்ணுக்கு இது போதும். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் நூலுக்கு 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். அதன் பதினைந்தாவது முற்குறிப்பு இதையே எச்சரிக்கிறது: பயிற்சி தருபவர் துறவு வாழ்வின் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கமோ சாயாமல், தராசின் நடுமுள்போல் நின்று, படைத்தவர் தம் படைப்போடு நேரடியாகச் செயல்பட விட்டுவிட வேண்டும். துறவு வாழ்வைப் பெரிதும் மதித்த ஒருவரே இதை எழுதினார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. முடிவெடுக்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஆன்ம வறட்சியில் இருக்கும்போது, முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது எது இறைவனின் தூண்டல் என்று பகுத்தறிய அவர் தந்த தேர்ந்து தெளிதல் விதிகளில் ஒன்று. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் பயிர் கருகிய வாரத்தில், நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது ஆண்டவரின் அழைப்பா, ஆற்றாமையா என்று அன்றே முடிவு கட்ட உதவுவது நம் வேலையாகாது.

கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் "ஏன்" என்ற சொல், எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும், விசாரணை போலவே காதில் விழுகிறது. "ஏன் அப்படி நினைச்சீங்க?" என்றதும், வந்தவர் தம்மை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுகிறார். "அப்ப உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், அவர் மீண்டும் அந்தச் செபநேரத்திற்குள் போகிறார். அதைவிட நல்லது, அவர் சொன்ன ஒரு சொல்லை அவருக்கே மெதுவாகத் திருப்பிக் கொடுப்பது. கணவர் குடிப்பாரா, மருமகள் எப்படி, கடன் எவ்வளவு என்று நாமாகத் தோண்டுவது பெரும்பாலும் நம் ஆவலைத் தீர்த்துக்கொள்ளத்தான். வந்தவருடைய சொந்த எண்ணங்களையும் பாவங்களையும் துருவ வேண்டாம் என்றும், உள்ளத்தில் எழும் அசைவுகளைத் தெரிந்துகொண்டால் போதும் என்றும் இஞ்ஞாசியார் எழுதியிருக்கிறார்.

அடுத்து வருவது எழுதத் தயக்கமானது, ஆனாலும் விட்டுவிட முடியாது. ஒரே நாளில், எங்களிடம் பயிலும் ஒருவரிடம் இருவர் வந்தார்கள். நிலம் உள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு "வாங்கம்மா, உக்காருங்க" என்று வரவேற்பு. காலனியிலிருந்து வந்த, அவரைவிட மூத்த தாய்க்கு "வாம்மா, உக்காரு." அந்தத் தாய் எதிரில் இருந்த நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பயில்பவர் அதைத் தடுக்கவும் இல்லை. பதிவில் எழுதவும் இல்லை. நான் கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது, கண் கலங்கினார். தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பேசுகிறவர் தம் உள்ளத்தில் இருப்பதைச் சொல்ல மாட்டார். நாம் கேட்க விரும்புவதையே சொல்வார். ஆழ்நிலைச் செபம் படித்தவர்களுக்கும் துறவிகளுக்கும்தான் என்ற எண்ணமும் இந்த வழக்கத்தின் இன்னொரு முகமே. கழனியில் நிற்கும் ஒருவரின் அமைதியை அசதி என்று அவசரமாகப் பெயரிட்டோமே, அதற்குள்ளும் இது இருந்தது.

ஆன்ம வழிகாட்டுதலை ஒப்புரவு அருட்சாதனத்தோடும் (பாவசங்கீர்த்தனம்) உளவியல் ஆலோசனையோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாவமன்னிப்பு வழங்குவது குருவுக்கு மட்டுமே உரியது, வழிகாட்டுதல் அப்படியன்று. இஞ்ஞாசியாரே 1537-இல் குருப்பட்டம் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பொதுநிலையினராக இருந்தபோதே பயிற்சிகளைத் தரத் தொடங்கிவிட்டார். உளநோயைப் பொறுத்தவரை, ஆன்ம வறட்சிக்கும் மனச்சோர்வு நோய்க்கும் வேறுபாடு காண்பதில் அலட்சியம் உயிரையே பறிக்கலாம். வறட்சியில் இருப்பவர் பெரும்பாலும் வேலைக்குப் போகிறார், பேரப்பிள்ளைகளோடு சிரிக்கிறார், செபம் மட்டும் வறண்டிருக்கிறது. தூக்கமும் பசியும் கெட்டு, எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் ஒருவர் இருந்தால், அதை, சிலுவை யோவான் ஆன்ம வறட்சிக்குத் தந்த "இருண்ட இரவு" என்ற பெயரால் அழைத்து ஆறுதல் சொல்வது பெரும் தவறு. அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. சாவைப் பற்றிப் பேசினால் தனியே அனுப்பாதீர்கள், வீட்டாருக்குத் தெரிவியுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசி எண் 14416 எங்கள் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இரகசியம் காப்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் செபத்தின் பெயராலேயே அதை மீறுகிறார்கள். "நம்ம பங்குல ஒரு குடும்பம், பொண்ணு வீட்டைவிட்டுப் போயிடுச்சு, செபிச்சுக்கோங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால், நான்கு தெரு உள்ள ஊரில் பெயர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்களும் எல்லையை அறிய வேண்டும். குருமட மாணவரைக் குருத்துவத்திற்கு ஏற்பது பற்றியோ வெளியேற்றுவது பற்றியோ முடிவெடுக்கும்போது அவருடைய ஆன்ம குருவின் கருத்தை ஒருபோதும் கேட்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 240-ஆம் பிரிவில் சொல்கிறது. இரகசியத்திற்கும் ஓர் எல்லை உண்டு: குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவது வழிகாட்டுதலில் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எதற்காகவும் வெளியிடக் கூடாது என்ற ஒப்புரவு அருட்சாதன முத்திரை வேறு, நம் உரையாடலின் இரகசியம் வேறு. இந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே வருகிறவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

முறைகளின் மீது வைக்கும் மிகையான நம்பிக்கையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். காவிரிக் கரையில், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் என்ற, இந்தியத் துறவு முறையைத் தழுவிய கிறிஸ்தவ ஆசிரமத்தைப் பார்த்துவிட்டு வருகிற சிலர், தரையில் அமர்வதும் மூச்சைக் கவனிப்பதுமே ஆழ்நிலைச் செபம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வேறு சிலர் அதைப் பார்த்த அச்சத்திலேயே மௌனம் நம்முடையதல்ல என்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ சொன்ன நான்கு படிகள், அதாவது இறைவார்த்தை வாசிப்பு, தியானம், மன்றாட்டு, ஆழ்நிலைச் செபம், இரு சாராருக்கும் போதிய விடை தருகின்றன. நான்காவது படி, நாம் ஏறிப் பிடிப்பதல்ல, தரப்படுவது.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கிடைத்ததும் தமக்கென ஒரு வழிகாட்டி தேவையில்லை என்று நினைப்பதும், மேற்பார்வைக்கு வருவதை நிறுத்திவிடுவதும் நான் மிகவும் வருந்துபவை. அரைகுறையாகக் கற்ற பாவசங்கீர்த்தனக் குருக்கள் தமக்குப் பெருந்தீங்கு செய்ததாக அவிலாவின் புனித தெரேசா எழுதியிருக்கிறார். மேற்பார்வையில் ஆராயப்படுவது வந்தவரின் வாழ்க்கை அல்ல, கேட்டவரின் உள்ளம்: எங்கே பயந்தோம், எங்கே அவசரப்பட்டோம், எந்தச் சொல்லைத் தவறவிட்டோம்.

அந்த அருள்சகோதரியின் பதிவை நாங்கள் அப்படித்தான் ஆராய்ந்தோம். அந்த அம்மா அழாமல், புலம்பாமல் வறட்சியைச் சொன்னது தமக்கு அச்சமாக இருந்தது என்றார் சகோதரி. தம் செபமும் வறண்டுதான் கிடக்கிறது என்றார். அடுத்த மாதம் அவர் கொண்டுவந்த பதிவில் அவருடைய பேச்சு ஒரே வரி: "எழுந்திரிச்சு வர மனசு வரலைன்னு போன தடவை சொன்னீங்களே அம்மா." அதன் கீழே, "மௌனம், ஏறக்குறைய நான்கு நிமிடம்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அந்த அம்மாவின் சொற்கள்: "ஆமா சிஸ்டர். யாரோ பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி இருக்கு. அவங்களும் ஒண்ணும் பேசறதில்லை."