சீனத்தையே வீடாக்கிக்கொண்டவர்களுக்குக் கொழும்பில் ஒரு நினைவு மாலை: ஏற்பாடு செய்வது எப்படி

எட்டுப் பலகை, நாலு பேச்சு, ஒன்றரை மணி நேரம். சீனாவுக்குப் போய் அங்கேயே வாழ்ந்துவிட்ட வெளிநாட்டவர்களைத் தமிழில் நினைவுகூர இவ்வளவு போதும். இதை விடப் பெரிதாக்கினால் வரவேற்புரையும் நன்றியுரையும்தான் நீளும். ஆயத்தத்துக்கு எட்டு வாரம் வையுங்கள். அதில் நாலைந்து வாரம் பெயரையும் திகதியையும் சரிபார்ப்பதிலேயே போய்விடும். மண்டபம், பூ, தேநீர் எல்லாம் கடைசி இரண்டு வார வேலை.

யாரை எடுப்பது, யாரை விடுவது

பட்டியல் போட உட்கார்ந்தால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் நோர்மன் பெத்தூன். கனடா நாட்டு அறுவைச் சிகிச்சை மருத்துவர், பெரிய மனிதர், மறுப்பில்லை. ஆனால் அவர் சீனாவுக்குப் போனது 1938 தொடக்கத்தில், இறந்தது 1939 நவம்பர் 12இல். இரண்டு வருடம்கூட இல்லை. உங்கள் தலைப்பு ‘அங்கே குடியிருந்தவர்கள்’ என்றால் அவருக்குப் பலகை வேண்டாம், மற்றவர் பலகையில் ஒரு வரி போதும்.

அளவுகோலை மூன்று சொல்லில் வைத்துக்கொள்ளுங்கள்: மொழி, அடுப்பு, கல்லறை. அந்த மொழியில் பேசி வேலை செய்தாரா, அங்கே குடும்பம் வைத்தாரா, அந்த மண்ணிலேயே அடங்கினாரா? மூன்றில் இரண்டு இருந்தால் எடுக்கலாம். வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் டொக்டர் துவாரகாநாத் கோட்னிஸ் விடுபட்டுப்போவார். சோலாப்பூரில் பிறந்த அவர், 1938இல் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் ஒருவர். சீனாவில் இருந்தது நாலு வருடந்தான். ஆனால் சீன மொழியில் பாடம் நடத்தினார், 1941இல் குவோ ச்சிங்லானை மணந்தார், 1942 டிசெம்பர் 9இல் அங்கேயே இறந்தார். பிள்ளைக்கு வைத்த பெயர் யின்ஹுவா. யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா. இந்த ஒரு பெயரைப் பலகையில் பெரிய எழுத்தில் போட்டால் பாதிக் கதை முடிந்தது.

அமெரிக்கரான சிட்னி ரிட்டன்பர்க் வேறு மாதிரி. முப்பது வருடத்துக்கு மேல் சீனாவில் இருந்துவிட்டு 1980இல் அமெரிக்கா திரும்பினார், 2019இல் இறந்தார். கல்லறை அங்கே இல்லை, ஆனால் மொழியும் அடுப்பும் உண்டு. எடுக்கலாம். எட்டுக்குள் அடங்காவிட்டால் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதற் பலகையைத் தமிழரிடமிருந்தே தொடங்குங்கள். ச்சுவான்ஜோ துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தவச்சக்கரவர்த்தி சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளப் பண்ணியதைச் சொல்வது. வந்த சரக்கை விற்றுவிட்டு அடுத்த பருவக்காற்றுக்குத் திரும்புகிறவர் கோயில் கட்டமாட்டார். அதன் பக்கத்திலேயே, சீனர் இந்தப் பக்கம் வந்ததற்குச் சான்றாக, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டைச் சேருங்கள். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உள்ள அந்தக் கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயில் இறைவனான தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பேச்சாளர்கள் நால்வரையும் ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்து தேய்ந்திருக்கிறது, பொறுமையாக நின்று பார்க்க வேண்டும்.

மீதி ஏழுக்கு ஒரு வரிசை: கோட்னிஸ். நியூசிலாந்துக்காரரான ரெவி அலியும் ஆங்கிலேயரான ஜோர்ஜ் ஹொக்கும் ஒரே பலகையில். மா ஹைதே என்று பெயர் மாற்றிக்கொண்ட மருத்துவர் ஜோர்ஜ் ஹாட்டெம். பத்திரிகையாளர் இஸ்ரேல் எப்ஸ்டீன். மொழிபெயர்ப்பாளர்களான கிளாடிஸ் யாங், சிட்னி ஷப்பீரோ இருவரும் ஒன்றாக. அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்துவிட்டு 1948இல் சீனாவுக்குப் போய்ப் பால்பண்ணையில் காலம் கழித்த ஜோன் ஹின்டன், கணவர் எர்வின் எங்ஸ்டுடன். கடைசியாக, பெய்ஜிங்கில் ஆங்கிலம் கற்பித்த இசபெல் குரூக், டேவிட் குரூக் தம்பதி. இசபெல் 1915இல் செங்டுவில் பிறந்து 2023இல் 107 வயதில் பெய்ஜிங்கில் இறந்தவர். அவரை ‘சீனாவுக்கு வந்தவர்’ என்று எழுதினால் பிழை. அங்கேயே பிறந்தவர்.

பெயரும் திகதியும்

அதிகப் பிழை வரும் இடம் இது. சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பார்த்து அப்படியே தமிழில் எழுதுகிறோம். சீனருடைய உரோம எழுத்து முறையில் கியூ எழுத்து ‘ச்ச’ ஒலி, எக்ஸ் எழுத்து ‘ஷ’வுக்கு நெருக்கம், இசட்டும் எச்சும் சேர்ந்தால் ‘ஜ’வுக்கு நெருக்கம். இதைக் கவனிக்காமல்தான் ‘க்விங்மிங்’, ‘க்சியான்’ என்றெல்லாம் அச்சில் வருகிறது. ச்சிங்மிங், ஷீஆன் என்று எழுதுங்கள். சொல்லின் தொடக்கத்தில் ‘ச்ச’ இலக்கணத்துக்கு ஒத்துவராது என்று யாராவது சொல்வார்கள். வெறும் ‘ச’ போட்டால் ஒருவர் ஒருவிதமாக வாசிப்பார், மற்றவர் வேறுவிதமாக. அதுவும் உண்மைதான். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பலகையிலும் அதையே எழுதுங்கள். தமிழில் ஏற்கெனவே ஊன்றிவிட்ட பெயர்களை மட்டும் தொடாதீர்கள்.

இவர்களில் பலருக்குச் சீனப் பெயர் ஒன்றும் உண்டு. கோட்னிஸ் என்றால் பல சீனருக்குத் தெரியாது, கெ திஹுவா என்றால் தெரியும். ஐந்து இந்திய மருத்துவரும் பெயர்க் கடைசியில் ‘ஹுவா’ சேர்த்துக்கொண்டவர்கள். எனவே தலைப்பில் இரண்டு பெயரையும் போடுங்கள்.

ஊர்ப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. பீக்கிங், பெய்ப்பிங், பெய்ஜிங் மூன்றும் ஒரே நகரம். 1928 முதல் 1949 வரை அதற்குப் பெய்ப்பிங் என்று பெயர். உங்கள் உரையில் பெய்ஜிங் என்றே எழுதலாம். பழைய கடிதத்தை மேற்கோள் காட்டினால் அதில் உள்ளதை மாற்றக்கூடாது.

வயதில் ஒன்று கூடிக் குறைந்து வந்தால் உடனே பிழை என்று முடிவு கட்டாதீர்கள். சீனப் பழங்கணக்கில் பிறக்கும்போதே ஒரு வயது, புது வருடம் பிறந்தால் இன்னொன்று. கோட்னிஸ் பிறந்தது 1910 ஒக்டோபர் 10, இறந்தது 1942 டிசெம்பர் 9. நம் கணக்கில் 32, அவர்கள் கணக்கில் 33. பலகையில் வயதையே போடாமல் பிறந்த, இறந்த திகதிகளை மட்டும் போட்டால் வம்பில்லை.

நம் பத்திரிகைகளில் அப்போது என்ன வந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகலாம். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. இறந்த திகதியின் இதழை மட்டும் கேட்காதீர்கள். போர்க்காலச் செய்தி பிந்தித்தான் வரும், அடுத்த மூன்று மாத இதழ்களையும் புரட்ட வேண்டும்.

சிறை வருடங்களை என்ன செய்வது

பலகை எழுதும்போது யாராவது ஒருவர், ‘நினைவு நிகழ்ச்சிதானே, அதை ஏன் கிளறுவான்’ என்பார். கிளறத்தான் வேண்டும். எப்ஸ்டீன் 1957இல் சீனக் குடியுரிமை பெற்றவர், கலாசாரப் புரட்சிக் காலத்தில், 1968 முதல் 1973 வரை, அதே நாட்டின் சிறையில் இருந்தவர். டேவிட் குரூக் 1967 முதல் 1973 வரை. கிளாடிஸ் யாங்கும் கணவர் யாங் ஷியான்யியும் 1968 முதல் 1972 வரை. ரிட்டன்பர்க் இரண்டு தடவையாகப் பதினாறு வருடம். 1973 மார்ச் 8இல் பிரதமர் ஜோ என்லாய் வெளிநாட்டு நிபுணர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சீனத் தரப்பே வெளிப்படையாகச் சொன்ன விஷயம் அது, நாம் மூடி வைக்க ஒன்றுமில்லை.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. சிறையையே முழுக்கதை ஆக்கிவிடுவது. எப்ஸ்டீன் குழந்தையாக வந்து, 2005இல் பெய்ஜிங்கில் இறந்தவர். அந்த நீண்ட வாழ்க்கையில் சிறை ஐந்து வருடம். பத்து வரிப் பலகையில் அதற்கு ஒரு வரி, திகதியோடு, அடைமொழி எதுவும் இல்லாமல். ‘வெளியே வந்த பிறகும் ஏன் அங்கேயே இருந்தார்’ என்று கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். பேச்சாளர் அதற்கு ஆயத்தமாக வரவேண்டும்.

புகழுரையைக் குறைக்க ஒரு வழி: ஒவ்வொருவருக்கும் அவர் செய்த வேலையிலிருந்து கையால் தொடக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். ‘மனிதநேயர்’ என்ற சொல் எட்டுப் பலகையிலும் வந்தால் ஒருவரும் ஞாபகத்தில் நிற்கமாட்டார். ஹாட்டெம் பால்வினை நோயையும் தொழுநோயையும் ஒழிக்க ஊர் ஊராகப் போனவர். அலி 1927இல் ஷங்ஹாய் வந்து தொழிற்சாலைப் பரிசோதகராக இருந்தவர், பிறகு கூட்டுறவுத் தொழிலகங்களை உருவாக்கியவர். வடமேற்குச் சீனாவின் ஷான்தான் பள்ளித் தலைமை ஆசிரியரான ஹொக், பையன்களோடு கூடைப்பந்து விளையாடும்போது கால்விரலில் பட்ட காயத்தால் ஏற்புவலி கண்டு 1945 ஜூலையில் இறந்தார், முப்பது வயதில். அந்தக் கால்விரலை எழுதினால் பள்ளிக்கூடமே கண்ணுக்குத் தெரியும்.

பலகை அடித்தல்

ஏ2 அளவு போதும். ஒரு பலகைக்கு 90 முதல் 110 சொல். தலைப்பு 72 புள்ளி, உரை 26 புள்ளிக்குக் குறையக்கூடாது. தமிழுக்கு வரி இடைவெளி ஒன்றரை மடங்கு தேவை, இல்லாவிட்டால் மேல்வரி ‘கு’வின் காலும் கீழ்வரி ‘கி’யின் கொக்கியும் முட்டும். படம் 20 சென்ரிமீற்றர் அகலத்தில் வரவேண்டுமானால் குறைந்தது 1200 பிக்சல் அகலமுள்ள கோப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள், அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. படத்தின் உரிமை யாருடையது என்று முதலில் கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் ஒரு வரைபடம் போடலாம்.

கொழும்பு அச்சகங்களில் தமிழுக்கு இன்னும் பாமினி எழுத்துரு ஓடுகிறது. நீங்கள் யுனிகோட்டில் தட்டிய உரையைப் பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது வரிசையாகப் பெட்டி வரும். உரையைத் தனியாகக் கொடுக்காமல், எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். அச்சடிக்கு முன் ஒரே ஒரு தாளில் ‘கோட்னிஸ், ஷப்பீரோ, ஹொக், ஷான்தான்’ என்ற நாலு சொல்லை எடுத்துப் பாருங்கள். கோ, ரோ, ஹொ, ஷா நான்கும் ஒழுங்காக வந்தால் மீதியும் வரும். அச்சகத்தில் யாராவது மறுபடி தட்டித் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். புதுப் பிழை அங்கேதான் பிறக்கும்.

5 மில்லிமீற்றர் போம் போர்ட்டில் ஒட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் லெமினேட் செய்தால் கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் இரண்டே நாளில் வில்லாக வளையும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் நேராக நிற்கும்.

நாளும் இடமும்

சீனர் கல்லறை கூட்டித் துப்புரவு செய்யும் ச்சிங்மிங் நாள் ஏப்ரல் 4 முதல் 6க்குள் வரும். பொருத்தமான நாள்தான், ஆனால் கொழும்பில் அது சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம். அச்சகத்தில் வேலை நெரிசல், ஆட்கள் ஊருக்குப் புறப்படும் நேரம். கோட்னிஸ் இறந்த டிசெம்பர் 9க்கு அண்மைய ஞாயிறு வசதி. அன்று போயா விழுகிறதா என்று முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற இடமென்றால் காலி வீதியில் பஸ்ஸில் இறங்கி நடந்தே வரலாம். மாலை 4.30க்குத் தொடங்கினால் 6 மணிக்கு முடியும், மழைக்கு முன் ஆட்கள் வீடு சேரலாம். மல்டிமீடியா வேண்டாம். பலகை இருக்கும்போது திரையும் இருந்தால் யாரும் பலகை பக்கம் போகமாட்டார்கள்.

படத்துக்குச் சந்தனம், குங்குமம், தேங்காய் உடைப்பு வேண்டாம். இவர்களில் யூதர், கிறிஸ்தவக் குடும்பத்தவர், கடவுளை நம்பாதவர் எல்லோரும் உண்டு. வெள்ளை அல்லது மஞ்சள் செவ்வந்தி இரு நாட்டாருக்கும் ஒத்துவரும், துக்கத்துக்கு வெள்ளை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். மலர்வளையத்தைப் பொரளை கனத்தை மயானத்துப் பக்கக் கடைகளில் இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். நாடா வெள்ளையாக இருக்கட்டும், சிவப்பு வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். சீனத்து முறையில் படத்தின் முன் மூன்று தடவை குனிந்து வணங்குவார்கள். சீன விருந்தினர் வந்தால் அவர்களை முதலில் விடுங்கள், நம்மவர் பார்த்துச் செய்துகொள்வார்கள்.

பேச்சாளருக்குப் பன்னிரண்டு நிமிடம். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு நூறு தமிழ்ச் சொல்லுக்குள்தான் வரும், அதனால் எழுத்து ஆயிரத்து நூறு சொல்லைத் தாண்டக்கூடாது. பத்தாவது நிமிடத்தில் ஒரு துண்டுச் சீட்டு போகட்டும். நாலாவது பேச்சு முடிந்ததும் வடையும் பிளேன்டீயும் பலகைகளுக்கு எதிரே, மேசை போட்டு. கதவுப் பக்கம் வைத்தால் அப்படியே போய்விடுவார்கள்.

பார்க்க வந்தவர்கள் பிழை சொன்னால் பென்சிலால் பலகையின் பின்பக்கம் எழுதி, சொன்னவர் எங்கே பார்த்தார் என்பதையும் குறியுங்கள். முடிந்ததும் பலகைகளை முகம் முகமாக, இடையில் வெள்ளைத்தாள் வைத்து, நிமிர்த்தியே அடுக்குங்கள். படுக்கவைத்தால் கீழே உள்ளது அமுங்கும். செய்தித்தாளை இடையில் வைக்காதீர்கள், மை ஒட்டும்.