கழன்று வந்த ஃபில்லிங்

காரைக்குடியில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில், ஈறோரம் வைத்த ஃபில்லிங்குகள் அடுத்தடுத்துக் கழன்று வந்தன. ஃபில்லிங்கை இறுக வைக்கும் லைட்டைச் சந்தேகித்தேன், மீட்டரில் சரியாகவே காட்டியது. அப்புறம் பல்லில் காற்று ஊதும் ஏர் சிரிஞ்சை முகம் பார்க்கும் கண்ணாடியில் ஊதினேன். பொடிப்பொடியாக நீர்த்துளி, கூடவே எண்ணெய்ப் பிசுக்கு. அந்தக் காற்றைத் தரும் கம்ப்ரஸரின் தொட்டியில் தேங்கிய நீரை வடித்து ஃபில்டரை மாற்றினேன்.

ஊதும் முறையையும் மாற்றிக்கொண்டேன். ஃபில்லிங்கை ஒட்டவைக்கும் பசை பிடிப்பதற்காகத் தடவும் 37% பாஸ்பாரிக் ஆசிட்டைக் கழுவியபின், எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினை வறள ஊதுவதில்லை. அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் படுத்துவிட்டால் பசை உள்ளே இறங்காது. பஞ்சால் ஒற்றினால் போதும். பசை பூசியபின் கதை வேறு. அதிலுள்ள எத்தனாலும் தண்ணீரும் தங்கிவிட்டால், லைட் எவ்வளவு அடித்தாலும் முழுசாக இறுகாது. முதலில் மெதுவாக, பிறகு சற்றுப் பலமாக, பசையில் அலை ஓடுவது நிற்கும்வரை ஊதுகிறேன். “என்ன தம்பி, பல்லுக்கு விசிறி விடுறியா?” என்றார் ஓர் ஆச்சி. பரப்பு சீராகப் பளபளத்தபின்தான் லைட்.

தொட்டியைத் தினமும் காலையில் வடிக்கச் சொல்லியிருக்கிறேன்.